சாத்தான் பாட்டும் சுரங்கக் கூலியும்

(ஒரு வாசகசாலையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாகவும், சிலருக்கு விநோதமாகவும் தோன்றலாம். 1985-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில் மூன்று வாலிபர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் இசைத்தட்டைப் பற்றி நாம் பேசப்போகின்றோம். அதில் இருப்பது ஐந்தே பாட்டு. முழுவதையும் கேட்டு முடிக்க 20 நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அந்தக் கூட்டத்தார் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் சோடம் என்பது. தட்டின் பெயர் 'இன் தி சைன் ஆப் ஈவில்', அதாவது தீமையின் அடையாளத்தில் என்று அர்த்தம்.

பாட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேச இந்த மேடைதானா கிடைத்தது என்று சிலர் நினைக்கக்கூடும். இந்தத் தட்டையும் இதைப் போன்ற தட்டுகளையும் பற்றி உலகத்தில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒன்று, இது சாத்தானை வணங்குகிறவர்களின் சங்கீதம், வாலிபர்களைக் கெடுக்க வந்தது, ஆகையால் இதைத் தடுக்கவேண்டும் என்று பக்திமான்கள் சொல்லுவது. மற்றொன்று, இது கடவுளையும் குருமார்களையும் தைரியமாய் எதிர்க்கின்ற சங்கீதம், ஆகையால் இதுவே பெரிய புரட்சி என்று சில வாலிபர்கள் சொல்லுவது. இந்த இரண்டு அபிப்பிராயங்களும் தப்பானவை என்பதும், இரண்டும் ஒரே அடுப்பில் வெந்த பண்டங்கள் என்பதுமே நம்முடைய அபிப்பிராயம். அதை ஆதாரத்தோடு எடுத்துக்காட்டவே இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பவேண்டியதில்லை. கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

முதலில் இந்தப் பாட்டைச் செய்தவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பதைப் பார்ப்போம். ஜெர்மனியின் மேற்குப் பாகத்தில் ரூர் என்று ஒரு பிரதேசம் இருக்கின்றது. நிலக்கரியும் இரும்பும் அந்தப் பிரதேசத்தின் உயிர். அதில் கெல்சென்கிர்சென் என்பது ஒரு தொழிலாளர் நகரம். சுரங்கத்து வாயில்களிலும் கரி எரியும் உலைகளிலும் இரவு பகலாய்ச் சுடர் விட்ட தீயைப் பார்த்து, அதை ஆயிரம் நெருப்புகளின் ஊர் என்றே ஜனங்கள் அழைத்தார்கள். அந்த ஊரில் 1963-ல் பிறந்தவர்தான் இந்தக் கூட்டத்தின் தலைவர். டாம் ஏஞ்சல்ரிப்பர் என்பது அவர் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்த வேலையிலிருந்து எப்படியாவது வெளியேறவேண்டும் என்ற எண்ணமே பாட்டுக் கூட்டம் சேர்க்கும்படி அவரைத் தூண்டியது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு கூண்டில் ஏறி நூற்றுக்கணக்கான கஜம் பூமிக்குள் இறங்கவேண்டும். அங்கே வெயில் கிடையாது, ஆனால் உஷ்ணம் உண்டு. காற்றின் விசையால் ஓடும் இரும்புச் சம்மட்டி கையில் நடுங்கிக்கொண்டே இருக்கும், அதன் ஓசை காதைத் துளைத்துக்கொண்டே இருக்கும். கல்தூள் நுரையீரலில் போய்ப் படிந்து, வருஷங்கள் கழித்து மூச்சைப் பிடிக்கும். மேலே வந்தால் முகம் கருப்பு, எச்சில் கருப்பு. அந்தக் கூலியையாவது நம்பியிருக்கலாம் என்றால் அதுவும் இல்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனியின் கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். மறு வருஷமே கரிக்கு மதிப்புக் குறைந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடத் தொடங்கின. ஆகவே இந்த வாலிபர்கள் வளர்ந்த காலத்தில், உள்ளே போனால் உடம்பு போகும், வெளியே நின்றால் பிழைப்புப் போகும் என்ற நிலைமை.

இப்படிப்பட்ட இடத்தில் கடவுள் சும்மா இருப்பாரா? ரூர் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று ஒரு காவல் தெய்வத்தை மதம் கொடுத்திருக்கின்றது. பார்பரா என்னும் புனிதவதி அவள். டிசம்பர் 4-ந் தேதி அவளுக்குத் திருநாள். சுரங்கத்தில் அவளுக்குச் சிலை வைத்து, கீழே இறங்குகிறவனைக் காப்பாற்றுவாள் என்று சொல்லிவந்தார்கள். அவள் காப்பாற்றிய லட்சணத்தைக் கேளுங்கள். 1946 பிப்ரவரியில் அதே ரூர் பக்கத்து பெர்க்காமன் சுரங்கம் வெடித்து 405 பேர் மாண்டார்கள். 1950 மே மாதத்தில் கெல்சென்கிர்சென் ஊரிலேயே டால்புஷ் சுரங்கத்தில் 78 பேர் மாண்டார்கள். பார்பரா அம்மாள் அன்றைக்கு எங்கே போயிருந்தாள்?

ஆனால் அதே டால்புஷ் சுரங்கத்தில் வேறு ஒன்றும் நடந்தது. 1955-ல் மூன்று தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டபோது, அங்கிருந்த எஞ்சினியர் ஒருவர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும், ஒன்றரைச் சாண் அகலத்துக்குச் சற்று அதிகமாக, ஓர் இரும்புக் குழாயைச் செய்வித்து, பாறையில் துளை போட்டு, அதன் வழியாய் அதை இறக்கி மூன்று பேரையும் உயிரோடு மேலே தூக்கினார். டால்புஷ் குண்டு என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. 1963-ல் லெங்கெடே என்னும் ஊரில் இரும்புச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, எல்லோரும் செத்தார்கள் என்று கைவிட்ட பிறகு, இரண்டு வாரம் கழித்து 11 பேரை மேலே கொண்டுவந்தது அதே மாதிரிக் குழாய்தான். 2010-ல் சிலி தேசத்தில் 33 பேரைக் காப்பாற்றிய கூண்டும் அதே யோசனையிலிருந்து பிறந்ததுதான். தோழர்களே, சுரங்கத்திலிருந்து மனிதனைத் தூக்கியது சிலையா, இரும்புக் குழாயா? பிரார்த்தனையா, கணக்கா? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இனி சங்கீதத்துக்கு வருவோம். மின்சாரக் கிதாரின் ஓசையைக் கருவியின் மூலம் வேண்டுமென்றே கரகரப்பாக்கி, இரும்பை வாள் கொண்டு அறுப்பது போல ஒலிக்கச் செய்து, அதனோடு பலமான மேளம் சேர்த்துப் பாடுவதை மெட்டல் என்கின்றார்கள், உலோகம் என்று பொருள். அதில் பல கிளைகள் உண்டு. நமக்கு இன்று வேண்டியவை இரண்டு. ஒன்று திராஷ், அதாவது அடித்து நொறுக்குவது. கிதாரின் தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே அதிவேகமாய் வெட்டி வெட்டி வாசிப்பதும், மேளக்காரர் இரண்டு காலாலும் இரண்டு பெரிய மேளங்களை உதைத்து ஓட்டுவதும் அதன் லட்சணம். அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர் என்ற கூட்டத்தார் 1983-ல் தங்கள் முதல் தட்டுகளை வெளியிட்டு இதைப் பரவச் செய்தார்கள். மற்றொன்று பிளாக் மெட்டல், அதாவது கருப்பு உலோகம். இதில் தந்தியை நிறுத்தாமல் அதிரவிட்டு ஒரே இரைச்சல் மூட்டமாய் ஆக்குவார்கள். தொண்டை கிழிகிற மாதிரி கத்துவார்கள். சுத்தமான ஒலிப்பதிவை வேண்டுமென்றே வெறுப்பார்கள். வார்த்தைகளிலோ நரகம், சாத்தான், சாபம் இவைகளே நிறைந்திருக்கும்.

இந்தக் கருப்பு உலோகம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் நியூகாசில் என்னும் தொழிற்பட்டணத்திலிருந்து வெனம் என்ற மூவர் கூட்டம் 1982-ல் அந்தப் பெயரோடு ஒரு தட்டு வெளியிட்டது. வெனம் என்றால் விஷம். அவர்கள் சாத்தானைப் பாடினார்களே ஒழிய நம்பினவர்கள் அல்லர். மேடையில் புகையும் வெடியும் போல, சாத்தானும் ஒரு வேடிக்கைச் சாமான் என்பதை அவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தட்டைக் கேட்டுத்தான் கெல்சென்கிர்சென் வாலிபர்களுக்கு உற்சாகம் பிறந்தது. ஆரம்பத்தில் அவர்களுக்கு வாத்தியப் பயிற்சி அற்பம். 1983-லும் 1984-லும் தாங்களே நாடாவில் பதிந்த பாட்டுகளைப் பிரதி எடுத்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பரப்பினார்கள். பெரிய கம்பெனியின் தயவோ, ரேடியோக்காரர்களின் தயவோ இல்லாமல், ஒரு நாட்டுத் தொழிலாளி வீட்டுப் பையன் மற்றொரு நாட்டுத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு நாடாவைத் தபாலில் போட்டே இந்தச் சங்கீதம் உலகத்தைச் சுற்றியது. அந்த ஒரு காரியத்தை நாம் மெச்சாமல் இருக்க முடியாது.

1985-ல் வந்த அந்த ஐந்து பாட்டுத் தட்டில் திராஷின் வேகமும் கருப்பு உலோகத்தின் இரைச்சலும் பிரியாமல் கலந்து கிடக்கின்றன. அன்றைக்கு அவை இரண்டு என்று பிரித்துச் சொல்லும் வழக்கமே ஏற்படவில்லை. மேளம் சில இடங்களில் தாளத்தை விட்டு ஓடுகின்றது, கிதார் அதைத் துரத்துகின்றது, குரல் இரண்டையும் திட்டுகின்றது. சங்கீத வித்துவான்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். இது சங்கீதமா, வெறும் சத்தமா என்று கேட்பார்கள். நாம் அவர்களைக் கேட்பதெல்லாம் ஒன்றுதான். நாள் முழுவதும் குயில் கூவும் தோப்பில் இருந்தவன் குயிலைப் பாடுவான். நாள் முழுவதும் இரும்புச் சம்மட்டியின் ஓசையில் இருந்தவன் எதைப் பாடுவான்? அவனுக்கு வீணை நாதம் வரவில்லையே என்று குறை கூறுவது, கரி வெட்டுகிறவனைப் பார்த்து உன் கை ஏன் கருப்பாயிருக்கிறது என்று கேட்பது போன்றதேயாகும்.

சரி, சத்தத்தை விட்டு அர்த்தத்துக்கு வருவோம். சோடம் என்ற பெயரே பைபிளிலிருந்து எடுத்தது. நம் கிறிஸ்தவ சகோதரர்கள் சோதோம் என்று சொல்லும் ஊர்தான் அது. பாவம் நிறைந்த ஊர் என்று பேர்போனது. பக்திமான்கள் பயப்படட்டும் என்றே இந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்தக் கதையை நன்றாய் வாசித்துப் பாருங்கள், ஒரு வேடிக்கை தெரியும். ஆதியாகமத்தில் 19-ம் அதிகாரத்தில் இருக்கின்றது. அந்த ஊரின் மேல் வானத்திலிருந்து கந்தகமும் நெருப்பும் பொழியச் செய்து, ஊரில் இருந்தவர்களையெல்லாம் எரித்தது யார்? சாத்தானா? அந்தக் கதையில் சாத்தானே கிடையாது! எரித்தது கர்த்தர். முன்கூட்டி ஆள் பார்த்து வந்தது தேவதூதர்கள். ஊரை எரித்தவனைத் தொழுவது பக்தி, எரிந்த ஊரின் பெயரை வைத்துக்கொள்ளுவது மட்டும் தீமை என்றால், இந்த நியாயத்தை என்னவென்று சொல்லுவது?

அடுத்தபடியாக, அந்தக் கூட்டத்தின் மேளக்காரர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் விட்ச்ஹண்டர். சூனியக்காரியை வேட்டையாடுகிறவன் என்று அர்த்தம். இதுவும் பயங்காட்டும் பெயர் என்றே அவர் வைத்தார். ஆனால் உண்மையில் அந்த வேலை யாருடைய வேலை? 1486-ல் ஹைன்ரிஹ் கிராமர் என்னும் ஜெர்மன் பாதிரி, சூனியக்காரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைப்பது என்று ஒரு புஸ்தகமே எழுதினார். அதற்குப் பின் வந்த சுமார் மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் 40,000 முதல் 60,000 பேர் வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிகம் பேர் மாண்டது ஜெர்மன் நாடுகளில். இத்தனை பேரைக் கொன்றவர்கள் சாத்தானை வணங்கினவர்களா? இல்லவே இல்லை. சாத்தான் இருக்கிறான் என்று உறுதியாய் நம்பினவர்கள்! கிழவியும் விதவையும் அவனோடு சிநேகம் வைத்திருக்கிறார்கள் என்று மனப்பூர்வமாய் நம்பின யோக்கியர்கள்! வேடத்துக்காகப் பெயர் வைத்துக்கொண்ட மேளக்காரர் ஒரு கோழிக்குஞ்சைக்கூட வேட்டையாடவில்லை. உண்மையான வேட்டைக்காரர்களோ அங்கி போட்டுக்கொண்டு, தீர்ப்பு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே சாத்தானைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், அவன் கடவுளுக்கு எதிரியல்ல, கடவுளின் உத்தியோகஸ்தன். அடிக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் காப்பாற்ற ஓர் ஆளுக்கு வேலையில்லை. நரகம் இல்லாவிட்டால் மோட்சத்துக்கு டிக்கெட்டு விற்க முடியாது. பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லித்தானே குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார்கள்? ஊட்டுகிறவளே பூச்சாண்டியையும் செய்கிறாள். அதுபோல், கோவிலைக் கட்டினவனே சாத்தானையும் செய்தான். ஆதலால் கடவுளை வைதுவிட்டுச் சாத்தானைப் புகழுகிறவன் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தவன் ஆகமாட்டான். முன் கட்டிலிருந்து பின் கட்டுக்குப் போனவனே ஆவான்.

அப்படியானால் 1985-ல் அந்த மூவரும் செய்தது குற்றமா என்று கேட்கலாம். குற்றம் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் பின் கட்டில் போய் விளையாடினார்கள், அவ்வளவுதான். ஆயிரம் வருஷமாய்ப் பெரியவர்கள் காட்டின பூச்சாண்டியின் முகமூடியை எடுத்துப் பையன்கள் தாங்களே மாட்டிக்கொண்டு பெரியவர்களைப் பயமுறுத்தினார்கள். பெரியவர்கள் பயந்ததிலிருந்தே அந்தப் பூச்சாண்டியைப் பையன்களைக்காட்டிலும் அவர்களே அதிகம் நம்பினார்கள் என்பது வெளியாகின்றதா இல்லையா? விளையாட்டு என்று தெரிந்து விளையாடும் வரையில் அதில் ஒரு பிரயோஜனமும் உண்டு. பயத்தைக் கேலி செய்தால் பயம் குறையும்.

ஆபத்து எங்கே வருகின்றதென்றால், விளையாட்டை நிஜமென்று நம்புகிறவன் வரும்போதுதான். அப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். நார்வே தேசத்தில் மேஹெம் என்ற கருப்பு உலோகக் கூட்டத்தின் கிதார்க்காரர் யூரானிமஸ் என்பவர், சோடம் கூட்டத்தார் 1986-ல் வெளியிட்ட பாட்டு ஒன்றின் பெயரையே தம் தட்டுக் கம்பெனிக்கு வைத்தார், அவ்வளவு பிரியம். ஆனால் கெல்சென்கிர்சென் வாலிபர்களுக்கு வேடிக்கையாயிருந்தது இவருக்கு வேதமாகிவிட்டது. சாத்தான் மெய்யாகவே இருக்கிறான் என்று பேட்டிகளில் சொன்னார். இவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. 1992 ஜூன் 6-ந் தேதி பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் பான்டாப்ட் என்னும் இடத்திலிருந்த பழைய மரக் கோவில் எரிந்தது. சுமார் 1150-ல் கட்டப்பட்டு, 1883-ல் அவ்விடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது அது. அதைத் தொடர்ந்து வேறு கோவில்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் யூரானிமஸ் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் வெளி ஆள் அல்ல, அதே கூட்டத்தில் பழகிய வர்க் விகர்னெஸ். 1994-ல் கொலைக்கும் சில கோவில்களை எரித்ததற்கும் சேர்த்து அவருக்கு 21 வருஷம் சிறை விதிக்கப்பட்டது. அதுவே அந்நாட்டில் அன்றைய உச்ச தண்டனை.

தோழர்களே, கோவில் எரிந்ததே என்று நம்மில் யாராவது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால் அது பெரிய முட்டாள்தனமாகும். மரத்தை எரித்தால் மூடநம்பிக்கை எரிந்துவிடுமா? பான்டாப்ட் கோவிலை 1997-க்குள் முன்பு இருந்தபடியே மறுபடியும் கட்டி முடித்துவிட்டார்கள். முன்னே போகாதவர்களும் பரிதாபப்பட்டுப் போகும்படி ஆயிற்று. எரித்தவர்கள் பக்தியை வளர்த்தார்களே ஒழியக் குறைக்கவில்லை. இன்னும் கேளுங்கள். அந்த விகர்னெஸ் என்பவர் அப்புறமாவது அறிவு பெற்றாரா? சாத்தானை விட்டுப் பழங்காலத்து நார்வே சாமிகளைப் பிடித்துக்கொண்டார், ரத்தம், இனம், மேன்மை என்று எழுத ஆரம்பித்தார். 2014-ல் பிரான்ஸ் தேசத்துக் கோர்ட்டு இனத் துவேஷத்தைத் தூண்டினதற்காக அவரைத் தண்டித்தது. ஏசுவை விட்டுச் சாத்தான், சாத்தானை விட்டு ஓடின், ஓடினை விட்டு இனப் பெருமை! ஒரு மூடநம்பிக்கையை யோசனையினால் விடாமல் ஆத்திரத்தினால் விட்டவன், அதைவிடக் கேடான மற்றொன்றில்தான் போய் விழுவான் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? இதற்காக இந்தச் சங்கீதம் பாடுகிற எல்லோர் மீதும் பழி போடுவதும் நியாயமல்ல. தட்டைக் கேட்டவர்கள் பல தேசங்களிலும் உண்டு, தீ வைத்தவர்கள் ஒரு சிலரே.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகின்றோம். சோடம் கூட்டத்தார் பிறகு என்ன செய்தார்கள்? அவர்கள் சாத்தானோடேயே நின்றுவிடவில்லை. 1987-ல் புதிய கிதார்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார், வாத்தியம் திருந்தியது, விஷயமும் திருந்தியது. நரகத்தைப் பாடுவதைக் குறைத்து யுத்தத்தைப் பாடலானார்கள். 1989-ல் 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்ற தட்டை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலிலேயே அது இடம் பிடித்தது. சுரங்கத்தில் கூலி வெட்டியவர் இசையையே பிழைப்பாக்கிக்கொண்டு சுரங்கத்தை விட்டார்.

ஏஜெண்ட் ஆரஞ்சு என்றால் என்ன? அது ஒரு பிசாசின் பெயரல்ல. ரசாயனத் தொழிற்சாலையில் செய்த ஒரு விஷ மருந்தின் பெயர். பீப்பாயில் ஆரஞ்சு நிறத்தில் பட்டை போட்டிருந்ததால் அந்தப் பெயர். அமெரிக்க ராணுவத்தார் 1961 முதல் 1971 வரை வியத்நாம் தேசத்தின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் ஆகாய விமானத்திலிருந்து 7 கோடி லிட்டருக்கு மேற்பட்ட இலைக்கொல்லி மருந்துகளைத் தெளித்தார்கள். அதில் பெரும் பகுதி இந்த ஏஜெண்ட் ஆரஞ்சு. இலை உதிர்ந்தால் எதிரி ஒளிய இடமிருக்காது, பயிர் அழிந்தால் அவனுக்குச் சோறு கிடைக்காது என்பது யோசனை. அந்த மருந்தில் டயாக்சின் என்னும் கொடிய விஷம் கலந்திருந்தது. அது மண்ணில் தங்கும், மீனில் தங்கும், தாயின் உடம்பில் தங்கும். தெளித்த சிப்பாய்களுக்கும் புற்றுநோய் முதலியவை வந்தன. அவர்கள் வழக்குப் போட்டதன் பேரில் மருந்து செய்த கம்பெனிகள் 1984-ல் 18 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆனால் எவருடைய தலை மீது தெளிக்கப்பட்டதோ, அந்த வியத்நாம் ஜனங்கள் போட்ட வழக்கை அமெரிக்கக் கோர்ட்டு 2005-ல் தள்ளிவிட்டது. டானாங் விமான நிலையத்து மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை 2018-ல்தான் முடிந்தது. பியன்ஹோவா என்னும் இடத்தில் 2019-ல்தான் ஆரம்பித்தார்கள்.

வானத்திலிருந்து கந்தகம் பொழிந்தது என்பது கட்டுக்கதை. வானத்திலிருந்து டயாக்சின் பொழிந்தது என்பது சரித்திரம். முந்தியதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறவரை விசாரிக்க முடியாது, ஏனெனில் அவர் இல்லை. பிந்தியதைச் செய்தவர்களுக்கோ பெயர் உண்டு, விலாசம் உண்டு, உத்தரவுக் காகிதம் உண்டு, லாபக் கணக்கு உண்டு. சாத்தான் செய்தான் என்று சொல்லிவிட்டால் இவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்ளுவார்கள். சாத்தானால் உலகத்தில் யாருக்காவது நன்மை உண்டு என்றால் அது இந்த நிஜக் குற்றவாளிகளுக்குத்தான். தீமைக்குக் கொம்பும் வாலும் வரைந்து காட்டியதனால், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வருகிற தீமையை ஜனங்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

ஆகவே 1985-ல் தீமையின் அடையாளம் என்று பெயர் வைத்துச் சாத்தானைப் பாடினவர்கள், நான்கு வருஷத்துக்குள் தீமையின் மெய்யான அடையாளம் ஆரஞ்சுப் பட்டை போட்ட பீப்பாயே என்று கண்டு அதைப் பாடினார்கள். இதுதான் நாம் மெச்சவேண்டிய காரியம். குருமார்கள் உபதேசித்து அவர்கள் மாறவில்லை. போலீசார் தடுத்தும் மாறவில்லை. விளையாட்டு அலுத்துப் போய், கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்த்ததனால் மாறினார்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டியிருக்கின்றது. அவர்களுடைய தட்டுகளின் அட்டையில் விஷவாயு முகமூடி போட்ட ஒரு சிப்பாய் உருவம் அடிக்கடி வருகின்றது. யுத்தத்தைக் கண்டிக்கிறோம் என்று ஆரம்பித்து, துப்பாக்கியின் அழகில் மயங்கிவிடுவதும் உண்டு. முன்பு கொம்பு இருந்த இடத்தில் இப்பொழுது முகமூடி வந்து உட்கார்ந்துகொண்டால் பிரயோஜனமில்லை. பாட்டைக் கேட்கிற வாலிபன், இது யுத்தத்தின் மீது எனக்கு வெறுப்பை உண்டாக்குகிறதா அல்லது ஆசையை உண்டாக்குகிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். அந்தக் கேள்வியை அவனுக்காக வேறு யாரும் கேட்கமுடியாது.

பழைய மூவரும் 2007-ல் மறுபடி ஒன்றுசேர்ந்து அந்த ஆரம்ப காலத்துப் பாட்டுகளை மீண்டும் பதிவு செய்து வெளியிட்டார்கள். மறு வருஷம் மேளக்காரர் காலமானார். 2018 டிசம்பர் 21-ந் தேதி ரூர் பிரதேசத்தில் பாட்ராப் என்னும் ஊரிலிருந்த கடைசிக் கரிச் சுரங்கம் மூடப்பட்டது. கடைசியாய் வெட்டின கரிக்கட்டியைத் தொழிலாளிகள் ஜெர்மன் ஜனாதிபதி கையில் கொடுத்தார்கள். பார்பரா அம்மாள் ஆட்களையும் காப்பாற்றவில்லை, சுரங்கத்தையும் காப்பாற்றவில்லை. தொழிலாளிகள் போராடிப் பெற்ற சட்டமும், எஞ்சினியர் செய்த குழாயும், சர்க்கார் கொடுத்த உபகாரச் சம்பளமுமே அவர்களுக்கு மிஞ்சியவை.

இவ்வளவும் நாம் சொன்னதன் கருத்து என்னவென்றால், பிள்ளைகள் இப்படிப்பட்ட பாட்டைக் கேட்கிறார்களே என்று பெற்றோர்கள் பயப்படவேண்டியதில்லை. பயந்தால் நீங்களே அந்தச் சாத்தானுக்கு உயிர் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள், இதற்கு அர்த்தம் என்ன, இதை யார் செய்தான், அவனுக்கு என்ன கஷ்டம் என்று விசாரியுங்கள். வாலிபத் தோழர்களே, நீங்களும் கடவுளைத் திட்டிவிட்டதனாலேயே பகுத்தறிவு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். இல்லாதவனைத் திட்டுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. இருக்கிறவனை, ஏன் தெளித்தாய், ஏன் ஆளைக் கொன்றாய், கூலியில் ஏன் பிடித்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குத்தான் தைரியம் வேண்டும். கடவுளையும் சாத்தானையும் ஒரே மூட்டையாய்க் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, மனிதன் மனிதனுக்குச் செய்கிற தீமையைக் கணக்குப் பார்க்க உட்காருங்கள். அந்தக் கணக்கு முடிந்தபாடில்லை.

ஆட்சேபணை உள்ள தோழர்கள் தாராளமாய் மேடைக்கு வந்து பேசும்படி கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.